காத்தூன் பீவி வீட்டு மத்தியான ஜின்னு

துப்பறிவது என்று நான் தீர்மானித்தேன்.

இதைச் சொன்னதும் என் மனைவி சாபிரா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே, "துப்பறதுன்னா வாசலாண்ட போய் துப்புங்கோ. இப்பத்தான் தரையத் தொடச்சி வெச்சிகீறேன்" என்றாள்.

"துப்புறது இல்லை. துப்பறியறது. உளவு பார்க்கிறது."

"மொதல்ல கண்ணால பார்க்கறதப் பாருங்கோ. அப்பால உளவு பார்க்கலாம்."

சாபிரா என்றால் பொறுமைசாலி என்று அர்த்தம். நிக்காஹ் அன்று மாமனார்தான் சொன்னார். அந்தப் பொறுமை யாருக்கு வேண்டியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. இன்னொரு விஷயமும் அவர் சொல்லவில்லை. சாபிரா சந்தோஷமாக இருந்தால் என்னை 'நீ' என்பாள். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். 'நீங்கோ' என்று ஆரம்பித்தால் நான் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். அந்த வருஷம் எனக்கு வீட்டில் ஏகப்பட்ட மரியாதை.

1946-ம் வருஷம். யுத்தம் முடிந்துவிட்டது, அரிசி திரும்பி வரவில்லை. நான் ராயபுரத்தில் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா. அலி அக்பர் என்று பெயர். அடிப்பது என் தொழில். மனிதர்களை அல்ல, பெயர்களை. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயர்களைக் கார்டில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். செத்தவனுக்கு அரிசி கிடையாது என்பது சர்க்காரின் கொள்கை. இருப்பவனுக்கும் அநேகமாகக் கிடையாது.

அந்தச் செப்டம்பர் மாதம் எங்கள் ஆபீசர் பரசுராமன் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு மொட்டைக் கடுதாசி.

"ஓய் அலி அக்பர், உம்ம சந்துல ஒரு செத்தவன் தினம் மத்தியானம் சாப்பிடறானாமே?"

"யார் சார்?"

"ரோஷன்னு போட்டிருக்கு. அவன் பேரு இன்னும் கார்டுல இருக்கான்னு பாரும். இருந்தா அடியும். சாப்பிடறது யாருன்னு கண்டுபிடிச்சு ரிப்போர்ட் கொடும்."

ரோஷன் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவியின் ஒரே மகன். கப்பலில் கலாசி. நாற்பத்திரண்டில் ரங்கூனிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் முழுகிவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. உடல் வரவில்லை. பீவியம்மா அழுததை யாரும் பார்க்கவில்லை. நாலு வருஷம் ஒன்றும் பேசாமல் இருந்த அம்மாள், இந்த ஆறேழு மாதமாகக் குழாயடியில் சொல்ல ஆரம்பித்திருந்தாள்: "எம் மவன் மத்தியானத்துல வந்து துன்னுட்டுப் போறான்."

தினமும் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் பின்கட்டு அறையில் ஒரு தட்டுச் சோறு வைப்பாள். கதவைச் சாத்திவிட்டு முன்கட்டில் தொழ உட்காருவாள். தொழுது முடித்துக் கதவைத் திறந்தால் தட்டு காலி. அதன் பிறகுதான் அவள் தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள்.

சந்தே நடுங்கியது. ஜின்னு என்றார்கள். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் பின்சந்துப் பக்கம் ஒரு ஈ காக்கை போகாது.

பேய் விஷயங்களில் எங்கள் சந்தின் அகராதி என் தோஸ்து சவரிநாதன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். ராயபுரம் ஸ்டேஷன் கட்டிய நாள் முதல் தண்டவாளத்தில் செத்த அத்தனை பேரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைப்பான்.

"இன்னா மாமு, ஜின்ன புடிக்கப் போறியாமே?"

"சர்க்கார் உத்தரவு."

"ராவுல வர்ற பேய நம்பலாம் மாமு. அதுக்கு ஒரு ஒழுக்கம் கீது. பட்டப்பகல்ல, சோத்து வேளைக்கு டாண்ணு வருது பாரு, அத்த மட்டும் நம்பாத. காலு தரைல பாவாது. பாதம் பின்பக்கம் திரும்பிகினு கீதும். முழுகிப் போன கப்பலு எண்ண நாத்தம் அடிக்கும். பார்த்தியானா, ரத்தம் கக்கித்தான் சாவணும்."

"நீயும் வாயேன்."

"எனக்கு டூட்டி கீது."

"எப்போ?"

"நீ எப்ப போறியோ அப்ப."

ஆனாலும் தோஸ்து தோஸ்துதான். மாதா கோயில் தீர்த்தம் ஒரு புட்டியும் எலுமிச்சம்பழம் ஒன்றும் கொடுத்து அனுப்பினான். தர்காவில் ஒரு தாயத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று மார்க்கமும் துணைக்கு வந்தன. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முதல் விசாரணைக்குப் போனேன்.

போகும்போது சாபிரா வழிமறித்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்கோ?"

"பீவிம்மா வீட்டுக்கு. ஆபீஸ் விஷயம்."

"வேணாம்."

"ஏன்?"

"பாவம் அந்தம்மா. மவன் வர்றான்னு நெனச்சிகினு கீது. நெனச்சிகினு போவட்டுமே. ஒங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"உண்மை என்று ஒன்று இருக்கிறதே சாபிரா."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கீது" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

காத்தூன் பீவி அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீர் என்ற குரல். என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

"பீவிம்மா, ரோஷன் வர்றானாமே?"

"ஆமா வாப்பா. தெனிக்கும் வர்றான்."

"எந்த வழியா?"

"பொறந்த வூட்டுக்கு வர்றவனுக்கு வழி கேக்கணுமா?"

"ஆவியை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"ஆவியா? வடிச்ச ஒடனே சுடச்சுட வெக்கிறேன். ஆவி பறக்கச் சொல்லத்தான் வெக்கணும். ஆறிப் போனா யாரு துன்னுவா?"

இதை எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகுதான் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று தெரிந்தது.

"என்னென்ன சாப்பிடறான்?"

"கொயம்பு வெச்சா துன்றான். மீனு வெச்சா முள்ள ஓரமா அடுக்கி வெச்சிட்டுத் துன்றான். கத்திரிக்கா மட்டும் ஒதுக்கிடறான். அதுனால நான் இப்பல்லாம் கத்திரிக்கா போடறது இல்ல."

"உயிரோட இருக்கிறப்ப ரோஷன் கத்திரிக்காய் சாப்பிடுவானா?"

பீவியம்மா சிரித்தாள். "வாரி வாரித் துன்னுவான் வாப்பா. சட்டியோட குடுத்தாலும் பத்தாது அவனுக்கு."

'செத்த பின் ருசி மாறும்' என்று எழுதினேன்.

தட்டைப் பரிசோதித்தேன். ஓரத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. அளந்தேன். ஒன்றரை முழம். பேய்க்குக் கூந்தல் நீளம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் கலாசிப் பேய்க்குமா? 'நாலு வருஷமாகக் கடலில் வெட்டிக்கொள்ள வசதி இல்லை' என்று எழுதினேன்.

"கார்டைக் கொஞ்சம் காட்டுங்க."

"எங்கியோ வெச்சேன். தேடி எடுத்து வெக்கிறேன். அப்பால வா."

வீட்டுக்கு வந்து சாபிராவிடம் என் கண்டுபிடிப்புகளைச் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றினாள். எங்கள் வீட்டில் கத்திரிக்காய் எனக்கு மட்டும்தான். சாபிராவுக்கு ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். இதை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை.

"நீ சாப்பிடலியா?"

"அப்பால துன்றேன்."

எட்டு மாதமாக அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். ரேஷன் காலம், யார்தான் மெலியவில்லை என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் என்று சரியாகச் சொல்கிறேன் அல்லவா? அதற்குக் காரணம் உண்டு. அந்த ஜனவரியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. ஜன்னத் என்று பெயர் வைத்தோம். பன்னிரண்டாம் நாள் நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனேன். ஒரு துணிமூட்டை அளவுதான் இருந்தது. அதன் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவளுக்கு நல்லது என்று நான் நினைத்தேன். ஆபீசில் நிறைய வேலை இருந்தது. பார்த்தேன்.

விசாரணையின் இரண்டாம் நாள் விஞ்ஞான முறையைக் கையாண்டேன். பீவியம்மா குழாயடிக்குப் போயிருந்த சமயம் பின்கதவுக்கு வெளியே சந்தில் மாவு தூவினேன். கேழ்வரகு மாவு. எங்கள் வீட்டு மாவுதான். ஒரு வாரத்து ரேஷன்.

லுஹர் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். காலடிகள்! சின்னக் காலடிகள். விரல்கள் முன்பக்கம்தான் இருந்தன. சவரிநாதனின் கொள்கை அங்கேயே அடிபட்டுப் போயிற்று. குனிந்துகொண்டே பின்தொடர்ந்தேன். பீவியம்மாளின் பின்கதவிலிருந்து கிளம்பி, சந்தைக் கடந்து, சாக்கடையைத் தாண்டி, நேராக ஒரு சமையலறைக் கதவுக்குள் போயின.

எங்கள் சமையலறைக் கதவு.

ஜின்னு எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது! உள்ளே சாபிரா தனியாக இருக்கிறாள்! தாயத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தேன்.

சாபிரா கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"எனக்கு இன்னா ஆவும்?"

"ஏன் கால் கழுவுறே?"

"தொழுவறதுக்கு முன்னாடி மூஞ்சிய மட்டுமா கழுவி நிறுத்திடுவாங்கோ?"

"இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா?"

"நீங்கோதான் வந்தீங்கோ. அதுவும் கூவிகினு வந்தீங்கோ. மாவு டப்பால மாவு எங்க?"

இப்படித்தான் அன்றைய விசாரணையில் குற்றவாளி நானாகிவிட்டேன்.

சவரிநாதனிடம் போய்ச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"மாமு, காலு சின்னதா இருந்துச்சா?"

"ஆமாம்."

"ஒங்க வூட்டுக்குள்ள பூந்துச்சா?"

"ஆமாம்."

"நீ இன்னும் கண்டுபுடிக்கல?"

"இல்லை."

"கர்த்தரே" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் நேரிலேயே பிடித்துவிடுவது என்று இறங்கினேன். பீவியம்மா தண்ணீருக்குப் போன நேரம் பின்கட்டு அறைக்குள் நுழைந்து கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். இடது கையில் எலுமிச்சம்பழம். வலது கையில் தீர்த்தம். கழுத்தில் தாயத்து. மூக்கில் தூசி. ரோஷன் படுத்துத் தூங்கிய கட்டில் அது. நாலு வருஷமாக யாரும் அதற்குக் கீழே பெருக்கவில்லை என்று பட்டது.

பாங்கு கேட்டது. பீவியம்மா வந்தாள். தட்டு வைக்கும் சத்தம். தண்ணீர்ச் செம்பு வைக்கும் சத்தம். முன்கதவு சாத்திக்கொண்டது. அறையில் மீன்குழம்பு வாசனை. கப்பல் எண்ணெய் வாசனை இல்லை.

பின்கதவு மெதுவாகத் திறந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். கலிமா சொன்னேன். ஒரு எச்சரிக்கைக்கு மாதாவையும் கூப்பிட்டேன். பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்தேன்.

இரண்டு கால்கள் வந்தன. தரையில் நன்றாகவே பாவின. கட்டிலுக்கு முன்னால் மடங்கி உட்கார்ந்தன. இடது கணுக்காலுக்கு மேலே வெள்ளையாக ஒரு தழும்பு. கொதிக்கிற கஞ்சி கொட்டிய தழும்பு. கல்யாணமான புதிதில் நான் பின்னால் வந்து பயமுறுத்தியதால் கொட்டிய கஞ்சி.

என் கையிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டது.

ஜின்னு அதைப் பார்த்தது. பார்த்தும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட ஆரம்பித்தது. இப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பசித்தவள் மாதிரி வேகமாகச் சாப்பிட்டாள். நடுவில் நிறுத்தினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மறுபடி சாப்பிட்டாள். மறுபடி துடைத்தாள். முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டோரத்தில் அடுக்கினாள்.

தட்டு காலியானதும், "கட்டுலுக்குக் கீழ தூசி ஜாஸ்தி. வெளிய வாங்கோ" என்றாள்.

தவழ்ந்து வந்தேன்.

"நான் இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"செருப்ப பின்வாசல்ல உட்டுட்டு வந்துகீறீங்கோ."

"தெரிந்துமா சாப்பிட்டாய்?"

"தட்டு காலியாவணுமில்ல? தொழுகைல இன்னும் ரெண்டு ரக்காயத்துதான் பாக்கி. அந்தம்மா எழுந்து வந்துடும். நடங்கோ."

சந்தைக் கடந்து எங்கள் சமையலறைக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அந்தம்மா திடீர்னு ஒரு நாளு தட்டு வெச்சிது. மவன் வருவான், அவன் துன்னாத்தான் நானும் துன்னுவேன்னிச்சு. யாரு வருவா? தட்டு அப்படியே கீது. அந்தம்மா பட்டினி. ரெண்டாம் நாளும் பட்டினி. மூணாம் நாளும் பட்டினி. நாலாம் நாளு மனசு கேக்கல. பூந்து துன்னுட்டேன். அன்னிக்குத்தான் அது வாய தொறந்து ஒரு வாய் சோறு துன்னுச்சு. நான் ஒரு நாளு போவலன்னா அது செத்துடும்."

"இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரிப்போர்ட் எழுதுவீங்கோ."

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"நம் வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை?"

அவள் மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். கூடத்து உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் தொட்டில் கட்டுவதற்காக நானே அடித்த கொக்கி. மையவாடியிலிருந்து திரும்பிய அன்றே தொட்டிலை அவிழ்த்து யாருக்கோ கொடுத்துவிட்டேன். கொக்கியை விட்டுவிட்டேன். உபயோகமாக இருக்கட்டும் என்று எட்டு மாதமாக அதில் என் குடையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சோத்த பிசைஞ்சிட்டு நிமிந்தா அதான் கண்ணுல படுது. எறங்க மாட்டேங்குது" என்றாள்.

பெரிய துப்பறிவாளன் நான். பின்சந்து முழுக்க மாவு தூவினேன். ஒன்றரை முழ முடியை அளந்தேன். தலைக்கு நேர் மேலே இருந்ததை நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சவரிநாதனிடம் கொறடு வாங்கி வந்தேன். முக்காலி போட்டு ஏறினேன். கொக்கி லேசில் வரவில்லை. நான் அடித்த ஆணி ஒன்றாவது உறுதியாக நின்றது என்றால் அது இதுதான். சாபிரா முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி வந்ததும் உத்தரத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. நான் கீழே இறங்காமல் அங்கேயே நின்றேன். இறங்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஜன்னத்துக்கு" என்றேன். "ஜன்னத்துக்கு உன் மூக்கு."

"ஒன் காது" என்றாள் சாபிரா.

எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு 'உன்' கிடைத்தது. முக்காலியின் மேல் நின்றபடியே அழுதேன். அவள் முக்காலியை விடவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காத்தூன் பீவி வீட்டுக்குப் போனேன். ஒரு மகத்தான பொய் சொல்வதாக உத்தேசம். பீவியம்மா நம்பிக்கொண்டிருக்க வேண்டும், சாபிரா சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், என் ரிப்போர்ட்டால் இருவருக்கும் தீங்கு வரக்கூடாது.

"பீவிம்மா, நேற்று நான் கண்ணால் பார்த்தேன். ரோஷன்தான். வந்தான், சாப்பிட்டான், போனான்."

பீவியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் மவன நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்டி இருந்தான்?"

"கொஞ்சம்... மெலிந்திருந்தான்."

"வாப்பா" என்றாள் மெதுவாக. "எம் மவன் கடலுக்குள்ள போய் நாலு வருசமாச்சு. எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"ஒன் பொண்ணு போனப்பறம் சாபிரா சோத்தத் தொடல. நான் கூப்ட்டுப் பார்த்தேன். வர மாட்டேன்னுச்சு. கொண்டு போய் குடுத்தேன். அப்பால துன்றேன்னு வெச்சிட்டு காக்காக்குப் போட்டுது. தனக்காகத் துன்னாது. வேற யாருக்காச்சும்னா துன்னும். கொணம் அப்டி. அதான் எம் மவன் பேரச் சொல்லி தட்டு வெச்சேன். மூணு நாளு நெஜமாவே பட்டினி கெடந்தேன் வாப்பா. அப்பத்தான் அது நம்பிச்சு."

"அப்போ கத்திரிக்காய்..."

"அதுக்குத்தான் அரிக்குமே. தெரியாதா ஒனக்கு?"

தெரியும். அதுதான் கஷ்டம்.

"அது என்னெக் காப்பாத்தறதா நெனச்சிகினு கீது. நெனச்சிகினு போவட்டும். நீ வாய தொறந்தேன்னு வெச்சுக்கோ, நெஜமான ஜின்னு எப்டி இருக்கும்னு பார்ப்பே."

தலையாட்டினேன். ஆனாலும் நான் குமாஸ்தா. "பீவிம்மா, கார்டு" என்றேன். "ரோஷன் பேரை அடிக்கணும். எனக்கு வேற வழியில்லை."

அவள் தகரப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினாள். வாங்கிப் பிரித்தேன். காத்தூன் பீவி என்று ஒரு பெயர். கீழே ரோஷன் என்று ஒரு பெயர். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.

என் கையெழுத்து.

தேதியைப் பார்த்தேன். ஜனவரி. நான் மையவாடிக்குப் போய் வந்த மறுநாள்.

"அந்தப் புள்ளைய ஒன் கைல பார்த்தேனா" என்றாள் பீவியம்மா, "பதினோரு நாளு புள்ளைக்கு மண்ணுல ஒரு கபுரு கீது, எம் மவனுக்கு இல்லியேன்னு அழுதேன். அப்பால, கடுதாசில மட்டும் எதுக்கு அவன உசுரோட வெச்சிகினு இருக்கணும்னு தோணிச்சு. மறுநாளே ஆபீசுக்கு வந்தேன். நீதான் குந்திகினு இருந்தே. எதிர்ல நின்னேன். நீ நிமிந்து கூடப் பார்க்கல. பேரு இன்னான்னே. சொன்னேன். கோடு போட்டே. அடுத்த ஆளுன்னே. ஒன் மூஞ்சிய பார்த்துட்டு நானும் பேசாம வந்துட்டேன். அவன் பேருக்கு மேல கோடு உழுந்தது யாரும் பார்க்காம போச்சேன்னு இருந்துச்சு. நீயும் பார்க்கல."

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அந்த வாரம் எத்தனை பேரை அடித்தேன் என்றும் தெரியாது. ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவருடைய பிள்ளை.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு இன்னொன்று உறைத்தது. கார்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்குத்தான் அரிசி வருகிறது.

"அப்படியானால் இத்தனை மாதமாக அவளுக்கு வைத்த சோறு?"

"எனக்கு இன்னா, வயசாச்சு. அரை வயிறு போதும்" என்று சொல்லிவிட்டுக் கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

பரசுராமனுக்கு ரிப்போர்ட் எழுதினேன். 'நேரில் விசாரித்ததில் வீட்டில் பேயும் இல்லை, கார்டில் பெயரும் இல்லை.' அவர் படித்துவிட்டு, "அப்போ சாப்பிடறது யாரு?" என்று கேட்டார். "வீட்டுக்காரங்கதான் சார்" என்றேன். அது பொய்யில்லை.

அதன் பிறகு நான் ஒரு திருடனாக மாறினேன். தினம் காலை சாபிரா தண்ணீருக்குப் போகும் சமயம் எங்கள் அரிசி டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஆபீசுக்குப் போகிற வழியில் பின்சந்துக்குள் நுழைந்து, பீவியம்மா பார்க்காத நேரம் அவள் அரிசிப் பானையில் போட்டுவிட்டுப் போவேன். பீவியம்மா அறியாமல் அவளுக்குச் சோறு. சாபிரா அறியாமல் சாபிராவுக்குச் சோறு. என் வாழ்க்கையில் இரண்டு பெண்களை ஒரே சமயத்தில் ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சாபிரா இப்போது சாயங்காலங்களில் என்னோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். சில நாள் ஜன்னத்தைப் பற்றிப் பேசுவாள். சில நாள் பேசாமல் உத்தரத்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் சோறு மிஞ்சிவிடும். மத்தியானம் மட்டும் பாங்கு கேட்டதும் பின்கதவு வழியாகப் போய்விடுவாள். நான் செருப்பைப் பற்றியெல்லாம் கேட்பதில்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை அரிசி டப்பாவுக்குள் கைவிட்டபோது பின்னால் குரல் கேட்டது.

"இன்னிக்கி ரெண்டு புடியா எடு. அந்தம்மாக்கு ராத்திரில இருந்து காய்ச்சலு. கஞ்சி வெக்கணும்."

கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

"எதை எடுக்க?"

"அரிசியத்தான்."

"உனக்கு எப்படி..."

"ஒன் சட்டையத் தொவைக்கறவ யாரு?"

"அப்படியென்றால் பீவிம்மா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாக்கு கொடுத்திருக்கிறேன்.

"தெரியும்" என்றாள் சாபிரா.

"என்ன தெரியும்?"

"நீ எத்த சொல்லாம முழுங்கறியோ, அத்த. மொத வாரமே தெரியும். மவனுக்குன்னு வெக்கிற தட்டுல யாராவது எனக்குப் புடிச்ச ஊறுகாய வெப்பாங்களா? அதுகிட்ட போய் ஒளறி வெக்காத. நான் நம்பறேன்னு நெனச்சிகினு கீது. அது அப்டி நெனச்சாத்தான் எனக்கும் எறங்குது."

சாபிரா ஒரு சின்னத் துணிப்பையைக் கொண்டுவந்து, டப்பாவிலிருந்து இரண்டு பிடி அரிசியை அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"இனிமே இதுல எடுத்துகினு போ. சட்டப் பைல ஓட்ட கீது. நம்ம வாசல்ல இருந்து அந்தம்மா பானை வரைக்கும் தெனிக்கும் அரிசில கோடு போட்டுகினு போறே. சந்துல கீற கோழிங்க எல்லாம் மூணு வாரம் முன்னாடியே கண்டுபுடிச்சிடுச்சுங்க."